மூன்று அல்பம் வெளியிட்ட சுவீடன் பெடியன்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
07.10.1996

பெருமதிப்புக்குரிய சிவபாதம் மாமாவுக்கு,

தங்கள் மருமகள் நிரூபா பணிவுடன் எழுதிக்கொள்வது. பணிவு இந்த வரியோடு சரி. இங்கு எல்லோரும் சுகம். கத்திக் கத்தி அம்மாவின் தொண்டை மட்டும் அடைத்துவிட்டது.

சுவீடனில் இருக்கும் உங்களிடம் அம்மா போனில் விசாரிக்கச் சொன்ன பெடியன் மாப்பிள்ளை அல்ல, மாமா. நில்ஸ் பேர்க்மார்க் என்ற றொக் பாடகர். அசல் வெள்ளைக்காரர். பதினைந்து வயதில் பாண்ட் தொடங்கி, மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பாட்டெழுதி, பிறகு பாண்டை விட்டு விலகித் தனியாக மூன்று அல்பம் வெளியிட்டவர். இதைச் சிநேகிதி அன்ரனெற்றுக்கு நான் போனில் அளந்துகொண்டிருக்க, வெங்காயம் வெட்டிய கத்தியோடு அம்மா வந்து நின்றா.

"ஆரடி உந்தச் சுவீடன் பெடியன்? எந்த ஊர்?"

"ஸ்டொக்ஹோம், அம்மா."

"அது இப்ப இருக்கிற இடம். ஊர் எது?"

"தெரியாது. தன்ர பாட்டிலதான் சீவிக்கிறார்." நான் சொன்னது பாட்டுப் பாடி; அம்மா எடுத்தது தன்பாட்டில், தனியாக.

"அப்ப தாய் தேப்பனைப் பாக்கிறேல்லை. மூண்டு அல்பம் எண்டியே, அது என்ன?"

எங்கள் வீட்டில் அல்பம் என்றால் கலியாண அல்பம்தான். அங்கேயே விளக்கியிருக்கலாம். என் வாய் விடவில்லை. "ஓம் அம்மா, நாலாவது அடுத்த மாதம் வருது" என்றேன்.

"ஐயோ, மூண்டு கட்டினவனோ!"

அவ்வளவுதான். உங்களுக்குப் போன், பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி அன்ரிக்குப் போன், அப்பாவின் வேலையிடத்துக்குப் போன். அப்பா வந்து வோக்மனைப் பறித்தார். நவம்பர் இரண்டாந் திகதி நில்ஸ் ரொறன்ரோவில் பாடுகிறார். அதற்கு நான் வாங்கி வைத்த ரிக்கெற்றும் இப்போது அம்மாவின் கைப்பையில்.

பகிடி விட்டது பிழைதான், மாமா. பாட்டுக் கேட்டது பிழையில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கவே மாட்டேன். நீங்கள் அவரைப் பற்றி நல்லதாக எழுதினாலும் போவேன், கூடாமல் எழுதினாலும் போவேன். ரிக்கெற் கிடைக்காவிட்டால் மண்டப வாசலில் நின்றாவது கேட்பேன். இந்த வீட்டில் யார் குறுக்கே நின்றாலும் போவேன்!

மாமிக்கு அன்பு. சுவீடன் குளிர் உங்களைக் கொஞ்சமாவது மிச்சம் வைக்கட்டும்.

இப்படிக்கு,
அடங்காத மருமகள்
நிரூபா

பி.கு.: ஒட்டுவதற்கு முன் அம்மா இதை எடுத்து வாசித்துவிட்டா. விழுந்து விழுந்து சிரித்தா. ரிக்கெற்றைத் திருப்பித் தந்து, தனக்கும் ஒன்று எடுக்கச் சொல்லிவிட்டா. "அப்பிடி என்னத்தைப் பாடிக் கிழிக்கிறான் எண்டு முன்னுக்கு நிண்டு பாக்கிறன்" என்று இப்போதே காஞ்சிபுரச் சீலையை அயன் பண்ணுகிறா.

இனி நான் போகமாட்டேன், மாமா.