பல் டாக்டர் ஜீப்புக்கு இன்ஜின் மாற்றிய கதை

மேட்டுச் சாலையில் தன் பழைய ஜீப்பை ஒரு சைக்கிள் முந்திப் போன அன்றைக்கே பல் டாக்டர் சபதம் எடுத்துவிட்டார். சைக்கிள்காரர் பேசாமல் போயிருக்கலாம். திரும்பிப் பார்த்து, "தள்ளி விடணுமா சார்?" என்று வேறு கேட்டுத் தொலைத்தார்.

வீட்டில் மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் டாக்டர் அறிவித்தார்.

"ஜீப்புக்குப் பெரிய இன்ஜின் மாட்டப் போறேன். வேன் இன்ஜின்! நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இப்படி நொண்டலாமா?"

"வேண்டாங்க. சின்னச் சட்டைக்குள்ள பெரிய ஆளைத் திணிச்சா தையல் விட்டுரும்."

"இது தையல் இல்ல. டெக்னாலஜி!"

"இருக்கட்டும். ரெண்டு வாரத்துல மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இருநூறு யூனிஃபார்ம் கொண்டு போகணும். அதுவரைக்கும் வண்டி மேல கை வைக்காதீங்க."

டாக்டர் பலமாகத் தலையாட்டினார். மறுநாள் காலையிலேயே ஜீப்பை மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"வண்டி எங்கங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பிரேக் பார்க்கக் கொடுத்திருக்கேன். பத்தே நாள்."

"பிரேக்குக்குப் பத்து நாளா?"

"நாலு சக்கரம் இருக்குல்ல!"

ஷெட்டில் அந்த வேன் இன்ஜின் சங்கிலியில் தொங்கியது. கீழே ஜீப், சொல்லாமலே 'ஆ' காட்டுகிற நோயாளி மாதிரி பானெட்டைத் திறந்து வைத்திருந்தது. டாக்டர் இன்ஜினைத் தடவிக் கொடுத்தார்.

"உள்ள போயிருமா?"

"போயிரும் சார். ஆனா நான் கூப்பிடாம இங்க வராதீங்க. நீங்க பல்லு பிடுங்கறப்ப நான் வந்து எட்டிப் பார்க்கிறேனா?"

நியாயமாகத்தான் பட்டது. மூன்றாம் நாள் போன் வந்தது.

"சார், இன்ஜின் நாலு விரல் நீளம் ஜாஸ்தி. ரேடியேட்டருக்கு இடமில்ல."

"முன்னாடி தள்ளி வைங்க."

"தள்ளினா பம்பருக்கு வெளிய வந்துரும்."

ஐந்தாம் நாள்: "அடியில ஆயில் தொட்டி முன் அச்சுல இடிக்குது சார்."

"தூக்கி வைங்க."

"தூக்கினா பானெட் மூடாது."

எட்டாம் நாள் போன் வந்தபோது டாக்டர் ஒரு பெரியவரின் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த இன்ஜின் வேகத்துக்குக் கியர்பாக்ஸ் தாங்காது சார். ரெண்டே நாள்ல பல்லெல்லாம் கொட்டிரும்."

"என்னது, ரெண்டே நாள்ல பல்லெல்லாம் கொட்டிருமா?" என்று டாக்டர் அலறினார். பெரியவர் நாற்காலியிலிருந்து குதித்தவர்தான். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

"வேண்டவே வேண்டாம்! பழைய இன்ஜினையே திருப்பி மாட்டுங்க!"

"அது முப்பது துண்டாக் கிடக்கு சார். மூணு வாரம் ஆகும்."

வண்டி இழுக்க வேண்டும் என்று கொடுத்தார். மெக்கானிக் நாளை இழுத்தார். டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. யூனிஃபார்ம் போகாவிட்டால் அடுத்த வருஷம் பள்ளிக்கூட வேலை மனைவி கைக்கு வராது. அவள் ராப்பகலாகத் தைத்ததெல்லாம் தன்னால் வீண்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் முன்னால் போய் நின்றார். பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவள் நிமிரவில்லை.

"உன்கிட்ட ஒரு உண்மை சொல்லணும். பிரேக் இல்ல. இன்ஜினையே கழட்டிட்டேன். நாளைக்கு யூனிஃபார்ம் போகாது. என்னைத் திட்டிரு."

"யூனிஃபார்ம் புதன்கிழமையே போயாச்சே."

"எதுல?"

"நம்ம ஜீப்புலதான்."

டாக்டர் துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மெக்கானிக்குக் காக்கிச் சட்டை தைக்கிறதே நான்தாங்க. நீங்க வண்டியை விட்ட அன்னிக்கே அளவு கொடுக்க வந்தார். 'இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. டாக்டர் விரிச்ச ரப்பர் மேட் மடங்கி ஆக்சிலேட்டருக்கு அடியில சிக்கியிருக்கு. மூணு வருஷமா பாதி மிதியிலதான் ஓட்டியிருக்கார்'னு சொன்னார். மேட்டை எடுத்தாச்சு. இன்ஜின்ல ஒரு திருகைக்கூடத் தொடல."

"அப்ப போன்ல சொன்னதெல்லாம்?"

"பொய்யில்ல. மாட்டினா என்னென்ன ஆகும்னு கேட்டுக்கிட்டேன். அதை ஒவ்வொண்ணா உங்ககிட்டச் சொல்லச் சொன்னேன். அந்த முப்பது துண்டு மட்டும் அவர் சொந்தச் சரக்கு."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு வாரமாகக் குடைந்த கடைவாய்ப் பல்வலி சட்டென்று நின்ற மாதிரி இருந்தது டாக்டருக்கு. யூனிஃபார்ம் போய்விட்டது. ஜீப் முழுசாக இருக்கிறது. திட்டும் விழவில்லை. அப்படியே மூட்டையில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு உள்ளே போனது.

மறுநாள் காலையில் மனைவி ஜீப்பை மேட்டுச் சாலையில் ஏற்றினாள். வண்டி பறந்தது. ஒரு பஸ் பின்னால் போயிற்று. ஒரு வளைவு வந்ததே தெரியவில்லை. டாக்டர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

"கொஞ்சம் மெதுவாப் போம்மா!"

அவள் கியரை மாற்றினாள்.

"இந்த நெஞ்சை வச்சுக்கிட்டா பெரிய இன்ஜின் கேட்டீங்க?"