காரின் தலைமேல் ஒரு சைக்கிள்

சைக்கிளில் போகிறவர்கள் வேறு, சைக்கிளுக்காகப் பேசுகிறவர்கள் வேறு. முன்னவர்களை ரோட்டில் பார்க்கலாம். வியர்த்து விறுவிறுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பின்னவர்களைப் பார்க்க மேடைக்குத்தான் போகவேண்டும். இல்லை, ரோட்டில்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கிறீர்களா? காருக்குள் எட்டிப் பாருங்கள்.

எங்கள் சைக்கிள் உரிமைச் சங்கத் தலைவர் இரண்டாவது வகையில் அசல் சரக்கு. ஊரில் அவருக்கு 'ஒன்றரை மீட்டர்' என்று பெயர். சைக்கிளைத் தாண்டிப் போகிற எந்த வண்டியும் நடுவில் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும், விடாதவனுக்கு அபராதம் போடவேண்டும், அதற்குச் சட்டசபையில் ஒரு சட்டம் வந்தே தீரவேண்டும். இதுதான் அவர் மூச்சு, பேச்சு எல்லாம். கல்யாண வீடாகட்டும், துக்க வீடாகட்டும், ஓர் ஆள் தனியாக அகப்பட்டால் போதும், எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்து, இவ்வளவு இடம்தானே கேட்கிறோம், இதைத் தரக்கூடவா மனசு வராது என்று ஆரம்பித்துவிடுவார். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துவைத்திருந்தபோதுகூடக் கையை மட்டும் விரித்துக் காட்டியவர்.

அவர் சைக்கிள் ஓட்டுவாரா? ஏன் ஓட்டாமல்? இங்கேதான் எங்கள் சங்கத்துச் சம்பிரதாயம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பெயர் 'கடைசித் திருப்பம்'. கூட்டம் எங்கே நடந்தாலும் உறுப்பினர்கள் காரின் தலைமேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தத் தெருவுக்கு முந்தின திருப்பத்தில் காரை நிறுத்தி, சைக்கிளை இறக்கி, ஹெல்மெட்டை மாட்டி, பாட்டில் தண்ணீரில் நாலு துளியை நெற்றியில் தெளித்துக்கொண்டு, அங்கிருந்து மிதித்துப்போய் வாசலில் மூச்சு வாங்க இறங்குவார்கள். போட்டோ பிரமாதமாக வரும்.

தலைவரின் தங்கைக்கு மட்டும் இந்தச் சூட்சுமம் பிடிபடவே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வீட்டு வாசலிலிருந்தே மிதிக்க ஆரம்பித்துவிடுகிற அப்பாவி. போன வருஷம் ஒரு வேன் உரசிக்கொண்டு போனதில் விழுந்து மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை விழுந்தால் அந்தக் கையால் ஊசி போடுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, அண்ணனுக்கு அந்தச் சட்டம் பேச்சு, தங்கைக்குப் பிழைப்பு. தினமும் பயந்துகொண்டேதான் வேலைக்குப் போய்வருகிறாள்.

ஒருவழியாக மசோதா சட்டசபைக் குழுவின் முன்னால் வந்தது. கருத்துச் சொல்ல எங்களைக் கூப்பிட்டார்கள். அன்று காலையிலிருந்தே தூறல். தலைவர் காரை ஓட்ட, பேனர்க் கம்பு என் காதைக் குத்த, நான் பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். புறப்படும்போதே நேரமாகிவிட்டது. ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை சொற்பொழிவில். மனித உயிர் என்ன அவ்வளவு மலிவா என்று அவர் கண்ணாடியைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தபோது, குறுகலான தெருவில் எங்களுக்கு முன்னால் மழைக்கோட்டு ஒன்று சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தார். இன்னொரு தடவை, நீளமாக. "ரோடு என்ன இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று சொல்லி ஓர் அழுத்து அழுத்தி, உரசாத குறையாகத் தாண்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொற்பொழிவைத் தொடர்ந்தார்.

கடைசித் திருப்பத்தில் சைக்கிளை இறக்கினால், டயரில் காற்றில்லை. எப்படி இருக்கும், போன கூட்டத்துக்கு அப்புறம் யார் தொட்டார்கள்? காற்றடிக்கக் கடை தேடி அலைந்து, கடைசியில் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னாலேயே தங்கை அங்கே உட்கார்ந்திருந்தாள், மடித்த மழைக்கோட்டு மடியில், முழங்கால்வரை சேறு.

உள்ளே நிலைமை சரியில்லை. குழுவில் லாரிகள் வைத்திருக்கிற உறுப்பினர் ஒருவர், நல்லவர்கள் தானாகவே இடம் விடுவார்கள், முரடர்கள் சட்டம் போட்டாலும் விடமாட்டார்கள், அப்புறம் இந்தச் சட்டம் எதற்கு என்று கேட்டுவிட்டார். நாலைந்து தலைகள் ஆடின. குழுத் தலைவி அம்மாள் பேனாவை மூடப்போனார். தலைவர் குதித்து எழுந்தார், கையை விரித்தார், என் தங்கையையே கேளுங்கள் என்றார்.

அவள் எழுந்து நின்றாள். கை உடைந்தது பழைய கதை, அது இருக்கட்டும் என்று ஆரம்பித்தாள். இன்று காலை இங்கே வரும்போதும் ஒரு கார் இவ்வளவு நெருக்கத்தில் போனது என்று ஒரு சாண் அளவு காட்டினாள். தடுமாறிச் சேற்றில் காலை ஊன்றியதால் தப்பித்தாளாம்.

தலைவர் கொதித்துப்போனார். "எந்த முரடன்மா அவன்? அடையாளம் சொல்லு, இப்பவே புகார் குடுத்துடலாம்."

அவள் சேறு படிந்த செருப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "வெள்ளைக் கார். தலைமேல ஒரு சைக்கிள் கட்டியிருந்துது, அண்ணா."

தலைவரின் விரித்த கைகள் விரித்தபடியே நின்றன. அந்த அப்பன் வீட்டுச் சொத்தில் இவருக்கும் பாதி உண்டே! லாரிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை. பேனாவை மறுபடி திறந்துகொண்டு, "உங்க அண்ணன் நல்லவரா, முரடராம்மா?" என்று கேட்டார்.

"நல்லவர்தாங்க. அதனாலதான் சட்டம் வேணும்ங்கிறேன்."

லாரிக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. குழு மசோதாவை அப்படியே பரிந்துரைத்தது. அடுத்த கூட்டத்தொடரில் சட்டமும் ஆனது. என்னை நேரில் பார்த்த பிறகுதான் குழு முடிவுக்கு வந்தது என்று தலைவர் இன்றைக்கும் மேடைதோறும் சொல்லிவருகிறார். பொய் என்று யார் சொல்ல முடியும்? தங்கையிடம் மன்னிப்புக் கேட்டாரா என்கிறீர்களா? கேட்டார், அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய். காரில்தான்.

சிரித்தது போதும். நீங்களும் எதற்காகவோ வாய் கிழியப் பேசுகிறவர்தானே? கொஞ்சம் ஓரங்கட்டி, இறங்கி, உங்கள் வண்டியின் தலைமேல் என்ன கட்டியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கதவைத் திறக்குமுன் மட்டும், பின்னால் சைக்கிள் வருகிறதா என்று திரும்பிப் பாருங்கள்.