தலைமையாசிரியர் கோட்டின் மேல் ஒரு அடைக்கோழி

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது.

இங்கே நான், என் மனைவி, தையல் மிஷின் மூவரும் சௌக்கியமாக இருந்தோம், நீ கொடுத்தனுப்பிய இரண்டு கோழிகளும் வந்து சேரும்வரை. அங்கே நீயும் அத்தானும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். கோழிகள்தான் இங்கே வந்துவிட்டனவே.

தினம் முட்டை, வேறு தொந்தரவே கிடையாது என்று சொல்லித்தானே கொடுத்தாய்? கறுப்பி முட்டையிட்டது, இல்லையென்று சொல்லவில்லை. திடீரென்று ஒரு நாள் அதை நிறுத்திவிட்டு என் வெட்டுத்துணிக் கூடையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தக் கூடையில் எங்கள் தெருப் பள்ளித் தலைமையாசிரியரின் கோட்டை வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு வைத்திருந்தேன். அவர் ஓய்வு பெறுகிறார், வழியனுப்பு விழாவுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய கோட்டு. எடுக்கலாமென்று கையை நீட்டினால் உடம்பைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு கொர்ரென்று ஒரு சத்தம், அடுத்தது கட்டைவிரலில் ஒரு கொத்து. ஊசி குத்தி மரத்துப்போன விரல்தான், ஆனாலும் வலித்தது. உனக்குப் போன் போட்டேன், நீ தண்ணீரில் முக்கி எடு, அடை தெளிந்துவிடும் என்றாய். முக்கினேன். சிலிர்த்துக்கொண்டு ஈரத்தோடு போய்க் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது.

கடைசியில் என் மனைவி, உட்கார்ந்தது உட்கார்ந்ததாக இருக்கட்டும் என்று, சேவல் வளர்க்கும் பின்வீட்டு அம்மாவிடம் முட்டை வாங்கிவந்து அடியில் வைத்துவிட்டாள். அதைப் பார்த்த செவலைக்குப் பொறுக்கவில்லை. அதுவும் அடைக்கு வந்து, அதே கூடைதான் வேண்டுமென்று கறுப்பியை இடித்துத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது. இது ஒரு முட்டையை அலகால் தன் பக்கம் உருட்டும், அது திரும்ப உருட்டும். இரண்டும் இரை எடுக்கக்கூட இறங்குவதில்லை, இறங்கினால் இடம் போய்விடுமே. நானே ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்க் குருணையும் தண்ணீரும் காட்டிக் கொண்டுவந்து விட்டேன். இதற்கு நடுவில் தலைமையாசிரியர் வரும்போதெல்லாம், காலர் விறைப்புத்துணி வரவில்லை, பொத்தான் சரியில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன்.

விழா நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்துக் குஞ்சுகள் பொரிந்தன. ஒரே ஒரு முட்டை மட்டும் அசையவில்லை. இரண்டு தாய்களும் மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டன. முட்டை சில்லிட்டுக் கிடந்தது. கூமுட்டை, எறிந்துவிடுங்கள் என்றாள் என் மனைவி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் தலைமையாசிரியர் நிற்கிறார், கோட்டுக்கு. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கூடையைக் காட்டினேன். கோட்டு இருந்த லட்சணத்தை எழுத என் கை கூசுகிறது. மூன்று தலைமுறையை நடுங்கவைத்த மனிதர், பிரம்பு இல்லாமலே அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ முட்டையை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"உள்ள ஆள் இருக்குங்க" என்றார்.

கறுப்பியைப் பிடித்துவந்தோம், அது நிற்கவில்லை. செவலைதான் போனால் போகிறதென்று உட்கார்ந்தது. வெகுநேரம் கழித்து ஓட்டில் ஒரு விரிசல், ஓட்டையில் மூக்கு நுனி, அப்புறம் ஒன்றுமில்லை. ஓரத்தை நறுக்கிவிடலாமென்று கத்திரியை எடுத்தேன்.

"கத்திரிய கீழ வைங்க. அதுவா வரட்டும்."

வகுப்பில் உட்கார்ந்த பையன்போல வைத்துவிட்டேன். பள்ளியிலிருந்து இரண்டுமுறை ஆள் வந்தது. வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஒருவழியாக ஓடு இரண்டாகப் பிளந்து, நனைந்த நூல்கண்டு மாதிரி ஒன்று வெளியே விழுந்து, செவலையின் இறக்கைக்குள் புகுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கசங்கிய சட்டையோடே விழாவுக்குப் போனார். மேடையில் வேறெதுவும் பேசாமல் இந்தக் குஞ்சைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்தாராம்.

அதோடு முடிந்ததா? இப்போது குஞ்சுகள் யாருக்கென்று தாய்களுக்குள் சண்டை. குஞ்சுகளுக்கோ கவலையே இல்லை, எந்த இறக்கை கிட்டே இருக்கிறதோ அதில் நுழைகின்றன. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள், தையற்காரன் மிதித்தால்? கீழே பார்த்தபடியே நடந்து கழுத்து பிடித்துக்கொண்டது. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒன்று விழுந்து எழுந்ததிலிருந்து பொத்தான் டப்பா மூடியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைக்கிறேன். நேற்று ஒருவர் குடையை விரித்ததும், பருந்தென்று நினைத்துச் செவலை அவர் தலைமேல் ஏறிவிட்டது. அவர் பேன்ட் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனி என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு பெரிய கூடையாக எடுத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போ. இது கண்டிப்பு.

உனக்கு நான் ஆசி சொல்ல முடியாது, வயது இடம் கொடுக்காது. உன் ஆசி எனக்கு இப்போது நிறையத் தேவை.

அன்புத் தம்பி.

பின்குறிப்பு: அண்ணி, உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி அவர் இதை என்னிடம் கொடுத்தார், படித்துப் பார்த்தேன். கறுப்பியைத் தண்ணீரில் முக்கியதாக எழுதியிருக்கிறார். பச்சைத்தண்ணீர் ஒத்துக்கொள்ளாதென்று வெந்நீர் போட்டு, விரலை நனைத்து முதுகில் தடவினார், அவ்வளவுதான். கூடையிலிருந்து கோட்டை எடுக்க நான் போனபோது என் கையைத் தட்டிவிட்டவர் இவர்தான். பேன்ட் துணியையும் இவரே திருப்பிக் கொடுத்தார், கோழி பயந்துவிட்டதாம். மிஷின் ஓடினால் குஞ்சுகள் விழித்துக்கொள்ளும் என்று தைப்பதையே நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் கொர்ரென்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். கோழிகள் இங்கேயே இருக்கட்டும், உங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அடை தெளிந்ததும் அனுப்பிவைத்தால் போதும்.