அவசரத்தாரும் மூன்று மூடாக்கும்

ஆரஞ்சு மரங்களில் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது. தரையை மூடி ஈரம் காக்கும் மூடாக்கு என்று மரத்தூளைக் கொண்டுவந்து, அதை மண்ணோடு கிளறிவிட்ட பிறகுதான் இந்தக் கோலம். தெருவே 'அவசரத்தார்' என்று கூப்பிடும் மூத்த மாப்பிள்ளை, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

உட்காராமல் என்ன செய்வார்? மாமனார் தோட்டத்தின் நடுவே வேலி போட்டு, ஆளுக்குப் பாதியாக இரண்டு மாப்பிள்ளைகளிடமும் விட்டிருந்தார். "உரமூட்டை, மருந்து டப்பா எதுவும் உள்ளே வரக்கூடாது. அறுவடை முடிஞ்சதும் மண்ணைச் சோதிப்பேன். யார் மண்ணுல சத்து அதிகமோ, முழுத் தோட்டமும் அவருக்கு."

அவசரத்தாருக்கு வேலை போய்விட்டது. தோட்டத்து அறையில்தான் குடித்தனம். தோற்றால் சட்டி பானையோடு ரோட்டில். சகலைக்கோ சொந்த வீடு. தூங்குவதற்குத்தான் தோட்டத்துக்கே வருவார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட அவசரத்தாருக்கு மானக்கேடு. குறட்டை மட்டும் தாராளமாகக் கேட்கும்.

"தூள் மட்கறதுக்கு மண்ணுல இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்குதாம். கொஞ்ச நாள் போனா திருப்பிக் குடுத்துடுமாம். மரக்கடைக்காரர் சொன்னார்," என்றாள் மனைவி.

அவசரத்தார் தூளை முறைத்தார். "திருப்பிக் குடுக்கிற மூஞ்சியா இது?"

வண்டிக்காரர் வந்து சுரண்டி அள்ளிக்கொண்டு போனார். கூடவே நல்ல மேல்மண்ணும் போனது.

அடுத்தது வைக்கோல். ஈரம் காத்தது, வாஸ்தவம். அதிலிருந்த விதையெல்லாம் களையாக முளைத்தது. அடியில் எலி குடியேறி மரப்பட்டையைக் கடித்தது.

"நமக்கே வீடு இல்லை, எலிக்கு மெத்தை போட்டுக் குடுத்திருக்கீங்க."

மறுபடியும் வண்டி.

பிறகு பயறுக்கொடி விதைத்தார். பச்சைக் கம்பளமாகப் படர்ந்தது. பாவி மனிதர் ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார். வெயில் ஏறியதும் இருந்த தண்ணீரைக் கொடி குடித்தது, மரத்தில் ஆரஞ்சுக் காய் சுருங்கியது.

"பூ விட்டதும் அறுத்து அங்கேயே போடணுமாம். அப்பதான் சத்தாம்."

"பூ விடுற வரைக்கும் மரம் இருக்கணுமே."

வேரோடு பிடுங்கி வண்டியில் ஏற்றினார். மொட்டையாய்க் கிடந்த தரையில் மழை அடித்து, மிச்சமிருந்ததையும் கழுவிக்கொண்டு போனது.

சோதனை முடிவோடு வந்த மண் பரிசோதகர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "இந்தப் பக்கம் வெறும் சக்கை. அந்தப் பக்கம் மண்ணு மாவு மாதிரி இருக்கு. மூடாக்கு நல்லா மட்கி, கைவச்ச இடமெல்லாம் மண்புழு."

மாமனார் இளைய மாப்பிள்ளையின் முதுகைத் தட்டினார். அதில்தான் அவருக்கு முழு விழிப்பே வந்தது.

அவசரத்தாரின் மனைவி அறைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினாள். அந்தச் சத்தம் அவசரத்தாரைக் குத்தியது.

"மாமா, இவர் ஒருநாள் குனிஞ்சு மண்ணைத் தொட்டிருப்பாரா? ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு."

"நான் ஒண்ணுமே பண்ணலை, மாமா," என்றார் சகலை. பொய் சொல்கிற முகமாகவும் இல்லை.

மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"அவரைக் குத்தம் சொல்லாதீங்கய்யா. உங்க குப்பை மூணையும் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மரத்தடியிலதான் கொட்டினேன். அள்ளிட்டுப் போன்னு அவரும் கட்டில்ல இருந்தே சொல்லிக்கிட்டுதான் இருந்தார், எந்திரிச்சு வந்து சொல்லியிருந்தா அள்ளியிருப்பேன்."