டைனோசர் மடியில் காதுகுத்து

விலை அதிகமான பொருளை வாங்கியவனுக்கு அதைப் பயன்படுத்துவதைவிட, ஏன் வாங்கினோம் என்று விளக்குவதுதான் பெரிய வேலை. எனக்கு அது மூன்று மாதம் முழுநேர உத்தியோகமாகவே இருந்தது.

நான் வாங்கியது ஒரு லேப்டாப். தகடு மாதிரி மெல்லிசு. திரையைப் பார்த்துத் தலை சீவலாம். ஆனால் உள்ளே பிரவுசரைத் தவிர வேறெதுவும் கிடையாது. எழுதுவது, படம் பார்ப்பது, பேசுவது எல்லாமே இணையத்தில்தான். (எதிர்காலமே இப்படித்தான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நம்பிவிட்டேன்.)

திண்டிவனம் வீட்டில் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நெட்டு இல்லன்னா?”

“நெட் இல்லாத இடம் இப்ப எங்கண்ணா இருக்கு?”

“அப்ப இதுக்குன்னு சொந்தமா ஒண்ணும் தெரியாது. யாராச்சும் சொல்லிக் குடுத்துக்கினே இருக்கணும். உன்ன மாதிரியே.”

இந்த அவமானத்தைத் துடைக்க ஒரு வாய்ப்பு வந்தது. அண்ணன் மகள் யாழினிக்கு இரண்டு வயதில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணியின் ஒரே தம்பி சேகர் இருப்பதோ சிங்கப்பூரில், லீவு கிடைக்கவில்லை. “எங்க சேகரு இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி படக்கூடாது” என்று அண்ணி இரண்டு முறை தேதியைத் தள்ளிவிட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “கவலப்படாதீங்க அண்ணி. லேப்டாப்புல ஆளையே கொண்டாந்து உக்கார வைக்கிறேன்.”

அண்ணி கண் கலங்கினார். (என் லேப்டாப்பால் மகிழ்ச்சியில் கலங்கிய ஒரே ஆள் அவர்தான். அப்பா கலங்கியது விலையைக் கேட்டு.)

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அனந்தபுரம் தாண்டி எங்கள் குலதெய்வக் கோயில். சேகர் அனுப்பியிருந்த பட்டு வேட்டியை மணையில் விரித்து, அதன்மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். என் செல்போனிலிருந்து நெட் கொடுத்தேன். சேகர் பளிச்சென்று வந்தார். கூட்டம் அசந்துபோனது. அந்த உற்சாகத்தில் தாய்மாமனுக்கு வாங்கிய மாலையை எடுத்துத் திரைக்குப் போட்டுவிட்டேன்.

அண்ணி அலறினார். “ஐயோ, உசுரோட இருக்கறவனுக்குப் படத்துல மாலையா! எடுங்க தம்பி, ஜல்தி!”

“எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு மச்சான்,” என்றார் திரையிலிருந்த சேகர்.

மாலையைக் கழற்றி, யாழினியைத் திரைக்கு எதிரே உட்காரவைத்தோம். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். சேகர் பாதி வாய் திறந்தபடி அப்படியே உறைந்துபோனார்.

பதற்றத்தில் ரெஃப்ரெஷ் அடித்தேன். சேகர் போய்விட்டார். நெட் இல்லாதபோது வந்து நிற்கும் அந்தக் குட்டி டைனோசர், வெள்ளைத் திரையில் தன்னந்தனியாக நின்றது.

செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கோயில் மதில்மேல் ஏறினேன். நாங்கள் வந்த வேன்மேல் ஏறினேன். சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை.

“பத்தரைக்கு ராகு காலம்டா! பேஜாரு பண்ணாம எறங்கு!” என்று கீழேயிருந்து அண்ணன் கத்தினான்.

இதற்கிடையில் யாழினி கீபோர்டில் ஓங்கி ஒன்று வைத்தாள். டைனோசர் துள்ளிக் குதித்தது. அவள் கெக்கெக்கே என்று சிரித்து இன்னொன்று வைத்தாள். நேரத்தைப் பார்த்த ஆசாரி, சத்தமில்லாமல் வலது காதைக் குத்தி முடித்தார். அவளுக்குத் தெரியவே இல்லை.

அண்ணிக்குத்தான் அழுகை. “எம்பொண்ணுக்குப் பல்லியா தாய்மாமன்?”

ஆசாரி, கண்ணாடி உடைந்து ரப்பர் பேண்டு போட்ட தன் போனை நீட்டினார். “இதுல டவரு நல்லா எடுக்குதுங்க. நம்பரு சொல்லுங்க.”

உள்ளங்கை அகலத்தில் சேகர் மறுபடி வந்தார். என் லேப்டாப்பை ஓரங்கட்டிவிட்டு அந்தப் போனை வேட்டிமேல் வைத்தார்கள். “பாப்பா, மாமாவப் பாரு!” என்றார் சேகர். டைனோசரைக் காணாத யாழினி வீறிட்டாள். இடது காதைக் குத்தியபோது அவள் போட்ட கூச்சல் அனந்தபுரம் சந்தைவரை கேட்டிருக்கும்.

அவ்வளவு விலைக்கு அந்த லேப்டாப் தகுமா என்று யாராவது என்னைக் கேட்டால், இன்றும் அண்ணன் முந்திக்கொள்கிறான். “ஒரு காதுக்குத் தகும்.” அந்த டைனோசரை யாழினிக்கு ‘மாமா’ என்று பழக்கிவிட்டதும் அவன்தான்.

இந்தப் பொங்கலுக்கு சேகர் வந்திருந்தார். நான்கு வயது யாழினியைத் தூக்கி, “நான் யாருன்னு சொல்லு?” என்றார். அவள் முகத்தை உற்றுப் பார்த்து, அவர் மார்பில் ஓங்கி ஒன்று வைத்தாள். காத்திருந்தாள். இன்னொன்று வைத்தாள்.

“இவரு மாமா இல்லம்மா. குதிக்கவே மாட்டேங்குறாரு.”

பாவம், சேகர் குதித்தார்.