கழுதைப்பால் சித்தரும் மஞ்சப்பால் தோஷமும்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க டெல்லிப் படை வருஷக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருந்ததாம். கழுதைப்பால் சித்தரிடம் டோக்கன் வாங்கவும் அவ்வளவு பொறுமை வேண்டும். கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஒரு கழுதை, கழுத்தில் மாலை, நெற்றியில் பட்டை. அதன் குட்டி பின்பக்கம் கட்டுண்டு கிடந்து கத்தியது. பால் பக்தர்களுக்கல்லவா?

சித்தரின் பழைய பெயர் கோதண்டராமன். அவலூர்பேட்டை சந்தையில் எலிமருந்து விற்றவர். எலிகள் ஏமாறவில்லை. மனிதர்களிடம் வந்துவிட்டார்.

வரிசையில் கலைமதி நின்றாள். பச்சை உடம்புக்காரி. குழந்தை மாமியார் லட்சுமியம்மாள் கையில் வீரிட்டது. பிறந்த கையோடு ஆஸ்பத்திரியில் அதைக் கலைமதியின் நெஞ்சில் கிடத்தினார்கள். கண்ணைச் சரியாகத் திறக்காத அது, மூக்காலேயே தேடிப்போய் அந்த மஞ்சள் சீம்பாலைப் பிடித்துக்கொண்டது. யாரும் வழி சொல்லவில்லை. அப்புறம் அவள் விரலைப் பற்றியபடி தூங்கிப்போனது.

அன்று காலைதான் வீட்டுக்கு வந்தார்கள். மாமியார் ஆரத்தி சுற்றிக் கொட்டினாள். அது தெருவில் காய்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "மஞ்சளாவா பால் வருது? ஐயையோ, தோஷமாச்சே!" என்றாள். அதோடு சரி. பெற்றவள் பிள்ளையைத் தொடத் தடை. குழந்தை அழும்போதெல்லாம் கலைமதியின் ரவிக்கை நனைந்தது.

"அத்தே, அதுக்குப் பசிக்குது. குடுங்க."

"சும்மா இருடி. சாமி சொல்லட்டும்."

முறை வந்தது. மறைப்புக்குள் போய்ச் சங்கில் பால் எடுத்து வந்தாள் கலைமதி. சித்தர் வெற்றிலையை மென்றபடி, வரிசையாய் வைத்திருந்த மஞ்சள்தண்ணிக் கிண்ணம் ஒன்றில் அதைச் சொட்டினார். கட்டைவிரலை விட்டுக் கலக்கினார். தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்தது.

"பால்ல ரத்தக்காட்டேரி உக்காந்திருக்குது! ஒரு மண்டலம் புள்ளைய தொடக்கூடாது. நம்ம கழுதைப்பால்தான். சங்கு ஐநூறு."

லட்சுமியம்மாள் மயங்கி விழ நல்ல இடமாகத் தேடினாள்.

கலைமதி அந்தச் சிவப்பையே பார்த்தாள். காலையில் தன் வாசலில் பார்த்த சிவப்பு.

"சாமி, இன்னொரு கிண்ணத்துல பாக்கலாம். இந்த வாட்டி நான் கலக்குறேன்."

"தீட்டு விரல் படக்கூடாதும்மா!"

"தோஷம் பால்லதான இருக்குது? விரல்ல இன்னா இருக்குது?"

"அதான, கலக்கட்டுமே," என்றது கூட்டம். வேடிக்கை என்றால் பக்தி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்.

சங்கில் மீந்த பாலைச் சொட்டிக் கலக்கினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. காட்டேரி டீ குடிக்கப் போயிருக்க வேண்டும்.

"இப்ப உன் கழுதைப்பாலை ஊத்தி நீ கலக்கு சாமி."

சித்தர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மயங்குவதை ஒத்திவைத்துவிட்டு லட்சுமியம்மாள் பாய்ந்து அந்தக் கையைப் பிடுங்கினாள். கட்டைவிரல் நகம் முழுக்க வெற்றிலைச் சுண்ணாம்பு.

"அடப்பாவி! மஞ்சளும் சுண்ணாம்பும்! காலையில நான் சுத்துன ஆரத்திடா இது!"

அங்கிருந்த அத்தனை பெண்களும் தம் கையால் ஆரத்தி கரைத்தவர்கள்தான். வீட்டில் கரைத்தால் ஆரத்தி, கொட்டகையில் கரைத்தால் காட்டேரி.

சித்தர் கோட்டைப் பக்கம் ஓடினார். சாமி மலையேறுவதை ஊரே நேரில் பார்த்தது அன்றுதான்.

களேபரத்தில் கழுதைக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு தாயின் மடியில் முட்டியது. பக்கத்திலேயே கலைமதி உட்கார்ந்து குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். இரண்டு அழுகையும் ஒன்றாய் நின்றன.

அந்தக் குட்டி டோக்கன் வாங்கவில்லை. தாய்ப்பாலைக் கிண்ணத்தில் கலக்கிப் பார்க்கவில்லை. வரிசையில் நின்றது நாம்தான். ஆகவே, இனிமேல் யாரையாவது கழுதை என்று திட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள். கழுதைக்கு ரோஷம் வரும்.