அஸ்து குலத்து அடைக்கலம்

ஓமானில் இருக்கும் மதிப்பிற்குரிய அண்ணன் கபீஸாவுக்கு, பஸ்ராவிலிருந்து தம்பி ஜஹ்தம் எழுதுவது. உங்கள் மீது சாந்தி உண்டாவதாக. நானும் பிள்ளைகளும் நலம். நம் அஸ்து குலத்துப் படகுகளும் நலம். என் மனைவி மட்டும் என்னோடு பேசுவதில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, வாய் நிறையப் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஷிஹாப் என்ற ஒட்டகத் தரகன் ஓடிவந்து நம் வீட்டு நடுத்தூணைக் கட்டிக்கொண்டு, "நான் அஸ்து குலத்தோட அடைக்கலம்!" என்று கத்தினான். சீக்கு ஒட்டகத்தைத் தமீம் குலத்து ஆள் ஒருவர் தலையில் கட்டியிருக்கிறான். அது அவர் வாசலிலேயே விழுந்து செத்துவிட்டது. வேறு வீடு பாரப்பா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வாயில் பழம். மென்று விழுங்குவதற்குள் தெருவே கூடிவிட்டது. ஊர் முன்னால் நான் மறுக்காததால் அடைக்கலத்தை ஏற்றதாகிவிட்டது. இப்போது அவனை ஒப்படைத்தால், நம் சொல்லை நம்பி எவன் அண்ணா நம் படகில் சரக்கு ஏற்றுவான்?

அவன் என் மெத்தையில் படுக்கிறான். என் மனைவியிடம், "அக்கா, கஞ்சியில நெய் வாசமே இல்லியே" என்கிறான். தமீம்காரர்கள் தினமும் வந்து, "ஏய் மீன்காரா, அவனை வெளிய அனுப்புறியா, நாங்க உள்ள வரட்டுமா?" என்கிறார்கள். நான் சமாதானமாக ஏதாவது சொல்வதற்குள் அவன் உள்ளேயிருந்து, "வந்து பாருங்கடா! எங்க ஜஹ்தம் அண்ணன் ஒத்தக் கையால உங்களச் சாச்சுடுவாரு!" என்கிறான். என் முழங்கால் வலி உங்களுக்குத் தெரியாததா?

ஆகவே, அடுத்த காற்றுக்கு வரும் கப்பலில் திடமான ஆட்கள் நாலு பேரை அனுப்பி, அவனை ஓமானுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். அடைக்கலமும் கெடாது, வீடும் மிஞ்சும்.

அண்ணிக்கு என் மரியாதை. பிள்ளைகளுக்கு இறைவன் நீண்ட ஆயுளும் நல்ல காற்றும் தரட்டும்.

இப்படிக்கு,
ஜஹ்தம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குள் அவன் போய்விட்டான். ஒட்டகச் சந்தை நடுவே நின்று, "ஜஹ்தமோட அடைக்கலத்தை நானே திருப்பிக் குடுக்குறேன். வாசல்ல சத்தம் கேட்டா அவருதான் என் முதுகுக்குப் பின்னாடி ஒளியுறாரு!" என்று அறிவித்திருக்கிறான். அது ஓரளவு உண்மைதான். தமீம்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்து, செத்த ஒட்டகத்தின் கணக்கை மன்னித்து, அவனைச் சாப்பிட அழைத்துப்போய்விட்டார்கள். இங்கே வணிகர்கள், அடைக்கலம் வந்தவனையே காக்காதவர்கள் சரக்கையா காப்பார்கள் என்று, நம் படகிலிருந்து சரக்கை இறக்குகிறார்கள். அந்த நாலு பேரை உடனே அனுப்புங்கள் அண்ணா. அவன் கையைக் காலைப் பிடித்தாவது திரும்ப நம் வீட்டுக்கே அடைக்கலமாக அழைத்து வர வேண்டும்.